தண்ணீர் ஊற்றாத கார்

எனக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தபோது, அடையாறு காந்தி நகரில் ஒரு வக்கீல் வீட்டின் கார் ஷெட்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்தோம். ஒரே அறை. அதை ஒட்டித் தகரம் போட்ட ஒரு சமையல் இடம். மாமாவுக்கு அந்த வீட்டில் டிரைவர் வேலை. அப்பா மஞ்சள் காமாலையில் போன பிறகு அம்மா என்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தன் தம்பியிடம் வந்தாள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போய்விடுவோம் என்றுதான் சொன்னாளாம். நான் சொல்லும் சமயத்தில் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அம்மா சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். நாங்கள் மூவரும் அந்த ஒரே அறையில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்துத் தூங்கினோம். மாமாவுக்கு இருபத்தொன்பது வயது.

வக்கீலை நாங்கள் பெரியவர் என்போம். அவருடைய மகன் சின்னவர். சின்னவர் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் பொங்கலுக்கு லீவில் வந்திருந்தார். ஷெட்டில் இரண்டு கார்கள். ஒன்று தினமும் கோர்ட்டுக்குப் போகும் வெள்ளைக் கார். இன்னொன்று, துணி போர்த்தியே வைத்திருந்த பச்சை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய கான்வாஸ் கூரை, தரையை உரசுவது போன்ற உயரம். நீலகிரியில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது பெரியவர் அதை வாங்கினாராம். அப்போது பெரியவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அந்தக் காரைத் துடைக்க மாமாவுக்கு மட்டும்தான் அனுமதி. நான் அதன் கதவைத் தொட்டால்கூட மாமா முகம் சுளிப்பார்.

அந்த வருடம் அந்தக் காருக்கு ஒரு கெட்ட வழக்கம் வந்திருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பி அடையாறு பாலத்தைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் கடைசிக் கோட்டுக்குப் போய்விடும். மாமா ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, தள்ளாத குறையாகத் திருப்பிக் கொண்டுவருவார். பிப்ரவரியில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று நடக்க இருந்தது. பெரியவருக்கு அதில் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை.

மாமாவுக்கு வேறொரு ஆசை. மயிலாப்பூரில் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அவருக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். நிச்சயத்தன்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்து மறுபடி அழகாகப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்தே நான் அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அத்தையின் அப்பா வரதட்சணை பற்றியெல்லாம் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பெண் எங்கே இருப்பாள்? நியாயமான கேள்வி. ஒரே அறையில் அக்காவையும் அக்கா மகளையும் வைத்துக்கொண்டிருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஷெட்டுக்கு மேலே ஓர் அறை இருந்தது. அதில் பெரியவரின் பழைய கேஸ் கட்டுகள் கிடந்தன. கார் ஊர்வலத்துக்கு ஒழுங்காக ஓடினால் அந்த அறையைக் காலி செய்து தருவதாகப் பெரியவர் சொன்னார். அவர் அதை ஒரு பேரமாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள்; அது தொடங்குவதற்குள் கல்யாணம் என்று முடிவானது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசித்து எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் அல்லவா? முதல் ஓலையை வாசித்தபோது மாமா தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாரம் மாமா அந்தக் காருக்குள்ளேதான் குடியிருந்தார் என்று சொல்லலாம். கோர்ட்டிலிருந்து பெரியவரைக் கூட்டிவந்து இறக்கிவிட்டதும் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பச்சைக் காரின் பானெட்டைத் திறப்பார். முதலில் ரேடியேட்டர் மூடியைச் சந்தேகப்பட்டார். வேறு மூடி போட்டுப் பார்த்தார். சூடு குறையவில்லை. பிறகு ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். அதற்கும் குறையவில்லை. அடுத்து தெர்மோஸ்டாட். அது பித்தளையில் செய்த ஒரு சின்ன அடைப்பான்; என்ஜின் தண்ணீர் சூடானால் தானாக வாயைத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடவேண்டும். திறக்கிறதா என்று பார்க்க அதை நூலில் கட்டி, அம்மா ரசம் வைக்கும் பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கவைத்து உள்ளே தொங்கவிட்டார். நாங்கள் மூவரும் ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்து அது வாயைத் திறப்பதைப் பார்த்தோம். மெல்ல, சொன்னபடி கேட்கும் பிள்ளைபோல, அது திறந்தது. மாமாவின் முகம் வாடிவிட்டது. அது கெட்டுப்போயிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அம்மா அந்தப் பாத்திரத்தில் அப்புறம் ரசம் வைக்கவே இல்லை.

அடுத்தது ரேடியேட்டர். தோட்டத்து ரப்பர் குழாயைச் சொருகித் தண்ணீரைத் தலைகீழாக விட்டார். செங்கல்லைக் கரைத்தது போலச் சிவப்பாக ஊற்றியது. செம்பருத்திப் பாத்தியெல்லாம் துருவாகிப்போனது. ராயப்பேட்டையில் ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொண்டுபோய்க் குழல் குழலாகக் குத்திச் சுத்தம் செய்து வாங்கிவந்தார். மாட்டி ஓட்டிப் பார்த்தார். பாலம் வரைக்கும் முள் நன்றாக இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி ஏறிவிட்டது. அன்று மாமா சாப்பிட உட்கார்ந்து, பிசைந்த சோற்றை வாயில் வைக்காமலே எழுந்துபோனார்.

ஒரு வெள்ளிக்கிழமைதான் அவர் அதைப் பிடித்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டு, உள்ளே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓடவேண்டிய தண்ணீர் ஓடாமல் நிற்கிறது என்றால் அதைத் தள்ளுகிற பம்பில்தான் கோளாறு என்றார். பம்பைக் கழற்றினார். உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின் இறக்கைகள் அரித்து அரித்து நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. யாரோ வருடக்கணக்கில் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். அந்த உப்பு தின்றுவிட்டது. மாமா அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அம்மாவிடம் ஓடிவந்தார்.

“பாருக்கா, இதான் இவ்ளோ நாளா நம்மள ஆட்டி வச்சிக்கினு இருந்துச்சு.”

அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதே மாதிரிச் சக்கரம் இந்த ஊரில் எங்கும் கிடைக்காது. ராயப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர் பழசைப் பார்த்துப் பித்தளையில் ஒன்று கடைந்து கொடுத்தார். மறுநாள் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மாமா பம்பை மாட்டிவிட்டார். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் தாளுக்கு இரண்டு பக்கமும் பசை தடவியிருந்தது. அது காயச் சாயங்காலம் ஆகும். அதுவரை தண்ணீர் ஊற்றக்கூடாது. இந்த முறை உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று தெருக் கைபம்பில் நான் அடித்துவந்த மெட்ரோ தண்ணீர் இரண்டு குடத்தில் தயாராக இருந்தது. ஷெட் வாசலில் இருந்த வாதாம் மரத்து இலை பறந்துவந்து உள்ளே விழுகிறதென்று மாமா பானெட்டை மூடினார். ரப்பர் குழாய்க்கு இரண்டு கிளிப் வாங்க வேண்டும், ராயப்பேட்டை வரை போய்வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். அம்மா பெரியவர் வீட்டுக்குள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஷெட்டில் நான் மட்டும்தான்.

“யாரு வந்து கேட்டாலும் வண்டில சொட்டுத் தண்ணி கெடையாதுன்னு சொல்லு, பாப்பா. ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இன்னா, புரிதா?”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அதைத்தான் இத்தனை வருடம் கழித்தும் என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

மாமா போய் அரைமணி இருக்கும். சின்னவர் வந்தார். புதன்கிழமை அவருக்கு விமானம். மாமா எங்கே என்று கேட்டார். ராயப்பேட்டைக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் காரைச் சுற்றி வந்து, மூடிய பானெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வண்டி தயாராகிவிட்டதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “ரெடின்னா வா, உன்னையும் ஒரு ரவுண்ட் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

ஐந்து வருடமாக அந்தக் காரின் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் தூங்கியிருக்கிறேன். அது கிளம்பும்போதெல்லாம் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதற்குள் உட்கார்ந்தால் தெரு எப்படித் தெரியும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. புதன்கிழமை சின்னவர் போய்விட்டால் இப்படி இன்னொரு முறை யாரும் கூப்பிடப்போவதில்லை. இதெல்லாம் நான் அப்போது யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். சொல் தானாக வந்தது.

“ரெடிண்ணா” என்றேன். சாவி மாட்டியிருந்த ஆணியையும் நானே காட்டினேன்.

கூரையை மடக்கிவிட்டு எல்.பி. ரோடு வழியாகப் போனோம். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பஸ்ஸின் சக்கரம் என் தலைக்கு மேலே உருண்டது. காற்று பின்னலை இழுத்தது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவர் சூடு காட்டும் முள்ளை எனக்குக் காட்டினார். அது அடியில் அசையாமல் கிடந்தது. உங்க மாமா கெட்டிக்காரர், முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது பார் என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. சூட்டை முள்ளுக்குச் சொல்வதே தண்ணீர்தான், அந்தத் தண்ணீர் இல்லாதபோது முள் எதையும் சொல்லாது என்பதை மாமா பிறகு ஒருநாள் விளக்கினார். விளக்கினார் என்றால், நான் கேட்கவில்லை, அவராகவேதான் சொன்னார்.

பெசன்ட் நகருக்குள் திரும்பியதும் ஒரு வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டால் வருமே, அந்த வாடை. பிறகு டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். சின்னவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். கார் தானாக உருண்டுபோய்க் கடற்கரைக்கு முன்னால் நின்றது. சாவியைத் திருகினார், ஒன்றும் கேட்கவில்லை. பானெட்டைத் திறக்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். அப்போதுதான் அலைச் சத்தம் என் காதில் விழுந்தது.

டெலிபோன் பூத்திலிருந்து அவர் வீட்டுக்குச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் மாமா சைக்கிளில் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல் சாய்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கனா சூடு பட்டுச்சா?”

இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் காரைப் பார்த்தார். ஃபேனின் இறக்கையை ஒரு துணியால் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. என்ஜின் உள்ளே வெந்து இறுகிப்போயிருந்தது. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பெரியவர் போர்ட்டிகோவில் நின்றுகொண்டிருந்தார். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டிருந்தார்கள். சின்னவர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. குழந்தைதான் ரெடி என்று சொன்னாள் என்றார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் அதட்டலாக இல்லை. நீ அப்படிச் சொன்னாயா என்று கேட்டார்.

மாமா முந்திக்கொண்டார். “நான்தான் சார் அப்படிச் சொல்லச் சொன்னேன். தண்ணி ஊத்திட்டேன்னு நெனச்சிக்கினு போயிட்டேன்.”

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். முப்பது வருடம் வைத்திருந்தேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு மாமாவிடம், மாசக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்துவிடு, சாவியை உள்ளே வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ என்றார். மாமா சரி சார் என்றார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாமா மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். இத்தனை வேலையில் தான் என்ன சொல்லிவிட்டுப் போனோம் என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது. தண்ணீர் ஊற்றிவிட்டதாக அவர் உண்மையாகவே நம்புகிறார். அப்படியானால் நான் சொன்னது பொய்யே இல்லை. அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து எட்டணா எடுத்ததைச் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாவது ஓலையை வாசித்தார்கள். சாமியாருக்குச் செய்தி எட்டியிருக்கவில்லை. மாமா பூசைக்கு வரவில்லை. அம்மாவும் நானும் பின்வரிசையில் நின்றோம். மாமாவின் பெயரையும் அத்தையின் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சொன்னபோது அம்மா என் கையை நசுக்குகிற மாதிரிப் பிடித்தாள்.

வியாழக்கிழமை அத்தையின் அப்பா வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மா வைத்த காபியைத் தொடாமல், அறையின் நாலு சுவரையும் பார்த்தார். அவரிடமும் மாமா அதையேதான் சொன்னார்: தண்ணீர் ஊற்றினோம் என்று நினைத்துவிட்டேன். வேலை போனதைவிட அந்த வார்த்தைதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய பொருளில் இவ்வளவு மறதியா என்று கேட்டார். அவர் எழுந்து போகும்போது அம்மா வாசல்வரை கூடப் போய் ஏதோ கெஞ்சினாள். மூன்றாவது ஞாயிறு சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்துவிட்டு அறிக்கையை மடித்துவிட்டார். அவர் மறந்துவிட்டார், போய் ஞாபகப்படுத்தலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா, பேசாம நில்லுடி என்றாள்.

ஆதம்பாக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்குப் போனோம். மாமா ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனாள். மாமா என்னிடம் முன்னைவிட அன்பாகவே இருந்தார். அது எனக்கு வசதியாக இருந்தது என்பதைத் தவிர நான் வேறொன்றும் நினைக்கவில்லை.

மே மாதக் கடைசியில் அம்மா எனக்கு யூனிஃபார்ம் துணி எடுக்கத் தி.நகருக்குக் கூட்டிப்போனாள். ஒரே கூட்டம். அம்மா துணி கிழிக்கும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நான் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினேன். அங்கே பில் போடும் மேஜைக்குப் பின்னால் அத்தை இருந்தாள். இது அவள் வேலை செய்யும் கடைதான் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் உள்ளே நுழைந்திருக்கமாட்டாள்.

அத்தை என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இளைத்திருந்தாள். கிட்டே கூப்பிட்டு, மாமா எப்படி இருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன். வண்டியில் தண்ணீர் இல்லை என்று மாமா என்னிடம் சொன்னார், நான்தான் ரெடி என்று சொன்னேன் என்றேன்.

“தெரியும்மா. அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு” என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உன்னக் கூட்டிக்கினு எங்கனா கெளம்பிப் போயிடுவாங்க. அதுக்குத்தான் மாமா பயந்தாரு” என்றாள்.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் கோபம் இல்லை. அப்படியென்றால் எல்லாம் சரியாகிவிட்டது. மாமா எதையும் மறக்கவில்லை என்பதை அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நினைப்பைப் பின்தொடர்ந்து போக எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் எப்போது எங்கள் வீட்டுக்கு வருவீர்கள் என்று கேட்டேன். பின்னால் துணிப்பொட்டலத்தோடு நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். கடை மேற்பார்வையாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் கன்னத்தைத் தொட்டு, “வரேம்மா” என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் மாமா லாரி ஷெட்டிலிருந்து வந்து, குடத்தடியில் குந்தி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே இருந்தாள். நான் மாமாவின் காதருகில் போய், அத்தையைப் பார்த்தேன், வரேன் என்று சொன்னாள் என்றேன். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“எப்படிச் சொன்னா?”

அத்தை சொன்னபடியே, அதே குரலில் சொல்லிக் காட்டினேன். மாமா “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டார்.

அடுத்த நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பூசையிலிருந்து திரும்பியதும் யாரும் சொல்லாமலே வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரைவிட்டு ஒருவர் போகும்போது நாம் எல்லாரும் சொல்வது ‘வரேன்’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான், திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.